தாழம்பூச் சான்றுகள்

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வேங்கிக்கால் மண்ணில் நின்று தலைநிமிர்ந்தால் அண்ணாமலை தெரியும். இம்மலையைப் பற்றிய பழங்கதை ஒன்று தமிழகத்தின் சிற்றூர்தோறும் வழங்குவது. அடியையும் முடியையும் தேடி இருவர் புறப்பட்டனராம். ஒருவர் பன்றியாய் நிலத்தை அகழ்ந்தார். ஒருவர் அன்னமாய் வானில் பறந்தார். அகழ்ந்தவர் காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பறந்தவரோ, முடியிலிருந்து வீழ்ந்துவந்த தாழம்பூவைச் சான்றுக்கு அழைத்துக்கொண்டு, கண்டேன் என்று பொய் கூறினார். அப்பொய்க்குத் துணைநின்றமையால் தாழம்பூ வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்டது என்று கதை முடிகிறது.

தொன்மக் கதையை வரலாறாகக் கொள்ளுதல் பகுத்தறிவாகாது. ஆயினும் அக்கதையைப் புனைந்தவர் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தார். பொய் தனித்து நிற்க இயலாதது. அதற்கு மணமுள்ள ஒரு சான்று வேண்டும். காணாததைக் கண்டதாகச் சொல்பவனைக் காட்டிலும், ஆம், கண்டார் என்று தலையசைக்கும் பூவே மக்களை மிகுதியும் ஏமாற்றுவது. இன்று தில்லி அரசியலைத் தமிழ் மக்களுக்கு அறிவிக்கும் பெரும்பாலான செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அத்தாழம்பூவின் இடத்தில் இருக்கின்றன என்பதே இவ்வுரையின் கருத்து. இது வெறுஞ் சினத்தால் எழுந்த பழிச்சொல் அன்று. இம்மலையடிவாரத்திலேயே நிகழ்ந்த ஒரு கொடுந்துயரைக் கொண்டே இதனை மெய்ப்பிக்க இயலும்.

கி.பி. 2024, தி.பி. 2055. நவம்பர் 30-ஆம் நாளிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள், திசம்பர் 1-ஆம் நாள், அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தன. ஐந்து குழந்தைகள் உட்பட எழுவர் மண்ணுள் புதையுண்டு மாண்டனர். விழுப்புரமும் கடலூரும் கள்ளக்குறிச்சியும் திருவண்ணாமலையும் நீரில் மிதந்தன. அன்றைய முதலமைச்சர் மு.க. இசுடாலின் தலைமை அமைச்சருக்கு மடல் எழுதி, உடனடித் துயர்துடைப்பாக உருபா 2,000 கோடியை நாட்டுப் பேரிடர் நிதியிலிருந்து வழங்குமாறு கேட்டார். 69 இலக்கம் குடும்பங்கள் அல்லலுற்றதாக அம்மடல் கூறியது.

திசம்பர் 6-ஆம் நாள் தில்லியிலிருந்து செய்தி வந்தது. பெஞ்சல் புயலால் துயருற்ற மக்களுக்கு உதவும்பொருட்டு உருபா 944.80 கோடி தமிழக அரசுக்கு விடுவிக்கப்படுகிறது என்பது அச்செய்தி. இதழ்கள் அதனை அவ்வாறே தலைப்பிட்டன. தொலைக்காட்சிகளின் அடியில் ஓடும் எழுத்துகளில் நாள் முழுதும் அவ்வெண் ஓடியது. தேநீர்க் கடையில் செய்தித்தாளை விரித்தவர், இரண்டாயிரம் கேட்டார்கள், ஏறத்தாழப் பாதி வந்துவிட்டதே, பரவாயில்லை என்று மகிழ்ந்தார். அவர்மேல் குற்றம் இல்லை. அவருக்குத் தரப்பட்ட சான்று அது.

ஆனால் அத்தொகை யாது? அது புயலுக்காகப் புதிதாக ஒதுக்கப்பட்ட தொகை அன்று. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி இருவகை நிதிகள் உள்ளன. ஒன்று மாநிலப் பேரிடர் நிதி. மற்றொன்று நாட்டுப் பேரிடர் நிதி. மாநிலப் பேரிடர் நிதியில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 பங்கைத் தில்லியும், 25 பங்கை மாநிலமும் இடவேண்டும் என்பது நிதிக்குழு வகுத்த முறை. புயல் வந்தாலும் வாராவிட்டாலும், மழை பெய்தாலும் பொய்த்தாலும், அப்பங்கு இருதவணைகளில் வந்தே ஆகவேண்டும். அந்த 944.80 கோடி, 2024–25-ஆம் ஆண்டிற்குரிய அப்பங்கின் இருதவணைகளும் சேர்ந்த தொகையே. அதற்கு ஈடாக மாநிலம் இடவேண்டிய நாலிலொரு பங்கு ஏறத்தாழ 315 கோடி. தமிழகம் கேட்டதோ மற்ற நிதியிலிருந்து. மாநில நிதி போதாத பெரும்பேரிடர்க் காலத்தில் முழுவதும் தில்லியே தரவேண்டிய நிதியிலிருந்து. கேட்டது ஒரு கலத்திலிருந்து. காட்டப்பட்டது மற்றொரு கலம்.

இதில் நேர்மையோடு கூறவேண்டியது ஒன்றுண்டு. தில்லியின் அறிவிப்பில் பொய் இல்லை. மாநிலப் பேரிடர் நிதியில் ஒன்றியத்தின் பங்கு, இரு தவணைகள் என்று அவ்வறிவிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. இரு தவணைகளையும் ஒருங்கே விடுவித்தது துயருற்ற நேரத்தில் உதவியே என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயின், உதவும்பொருட்டு என்ற சொல் முன்னே நின்றது. பங்கு, தவணை என்ற சொற்கள் பின்னே நின்றன. செய்தித்தாளின் கடமை பின்னே நின்ற சொல்லை முன்னே கொணர்ந்து, இது உதவியா, உரிய பங்கா என்று கேட்பது. அக்கேள்வியை மாநில அரசினரும் சில இதழ்களும் கேட்டனர். தலைப்புகளோ கேட்கவில்லை. படிப்போருள் பலர் தலைப்போடு நின்றுவிடுபவர் என்பதை இதழ் நடத்துவோர் அறியாதவர் அல்லர்.

இது முதன்முறையும் அன்று. 2023 திசம்பரில் மிச்சாங் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, அதே மாநிலப் பேரிடர் நிதியின் இரண்டாம் தவணையான 450 கோடி, அதே போன்று வெள்ளத்திற்கான உதவியாகச் செய்தியேறியது. ஒரே நாடகம் ஈராண்டுகளில் இருமுறை அரங்கேறியது.

இனி, மற்ற நிதியிலிருந்து கேட்கப்பட்டது என்னாயிற்று? 2025 ஏப்பிரல் 5-ஆம் நாள் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு, பீகார், இமாசலம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றிற்கு நாட்டுப் பேரிடர் நிதியிலிருந்து தொகைகளை ஒப்பியது. தமிழ்நாட்டிற்கு 522.34 கோடி. அதுவும் மாநில நிதியின் தொடக்க இருப்பில் பாதியைக் கழித்துக்கொள்ளுதல் என்னும் வரையறைக்கு உட்பட்டது. மலை சரிந்து நான்கு திங்கள் கழிந்தபின் வந்த அச்செய்தியை இங்குள்ளோருள் எத்துணைப் பேர் அறிவர்? முதற்செய்தி முரசறைந்து வந்தது. இரண்டாஞ் செய்தி ஓசையின்றிப் போயிற்று. புயலடிக்கும்போது செய்தியாளர் இருக்கின்றார். புயல் நின்றபின் கணக்குப் பார்க்கும்போது அவர் இருப்பதில்லை.

தில்லி கொடுத்தது என்று எழுதப்படும்போது அப்பணம் தில்லியில் விளைந்தது போன்றதொரு மயக்கம் உண்டாகிறது. வரி செலுத்துவோர் தில்லியிலா இருக்கின்றனர்? ஆரணியில் பட்டுநெய்வோரும், செங்கத்தில் உழுவோரும், திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் கடை வைத்திருப்போரும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி செலுத்துகின்றனர். 15-ஆம் நிதிக்குழுவின் காலத்தில் (2021–26) பகிர்வுக்குரிய வரித்தொகுதியில் நூற்றுக்கு 41 பங்கு மாநிலங்களுக்கு உரியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. அஃதாவது பகிர்வுத் தொகுதியின் ஒவ்வொரு நூறு உருபாவிலும் தமிழகத்திற்கு வருவது ஏறத்தாழ ஓர் உருபா 67 காசு. தீர்வை என்றும் மிகுவரி என்றும் தில்லி தனியே தண்டும் தொகைகள் அத்தொகுதிக்குள்ளேயே வாரா. இக்கணக்கைச் செய்தித்தாள் ஆண்டுக்கொருமுறையேனும் எளிய தமிழில் எழுதினால், கொடுத்தது என்னும் சொல்லைப் படிப்போன் அவ்வளவு எளிதில் நம்புவானா?

அன்பர்களே! இவ்விடத்தில் சொல்லாராய்ச்சிக்குச் செல்லவேண்டியுள்ளது. சொல் ஒன்றும் செய்யாது, சோறுதான் வேண்டும் என்று சிலர் எள்ளுவர். சோற்றைப் பிச்சையென்று பெயரிட்டுக் கொடுப்பதற்கும் பங்கென்று பெயரிட்டுக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உண்பவனே அறிவான்.

நெடுங்காலமாகத் தமிழ் நாளிதழ்கள் தில்லி ஆட்சியை 'மத்திய அரசு' என்றே எழுதிவருகின்றன. மத்தியம் என்பது நடு எனப் பொருள்படும் வடசொல். நடு என்று ஒன்றைச் சொன்னவுடனே மற்றவை ஓரம் ஆகிவிடுகின்றன. சக்கரத்தின் குடத்தை நடுவென்றால் மாநிலங்கள் வெறும் பட்டையாகின்றன. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்போ, இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று கூறுகிறது. ஆகவே, சட்டம் கூறும் சொல் ஒன்றியம். இதழ்கள் கூறும் சொல் மத்தியம்.

2021-ஆம் ஆண்டு மே திங்களில் அமைந்த தமிழக அரசு 'ஒன்றிய அரசு' என்னும் வழக்கை மேற்கொண்டபோது எழுந்த ஆரவாரத்தை மறந்தவர் இலர். அவ்வாண்டு சூன் 23-ஆம் நாள் சட்டமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழுப்பப்பட்டது. சட்டத்தில் உள்ள சொல்லையே அரசு ஆள்கிறது, அது குற்றமாகாது என முதலமைச்சர் விடையிறுத்தார். அன்று சில தொலைக்காட்சிகளில் நடந்த சொற்போர்கள், ஒன்றியம் என்று சொல்வது நாட்டைப் பிளப்பதற்கு ஒப்பாகும் என்னும் அளவுக்குச் சென்றன. வரலாறு அறிந்தோர் அதைக் கேட்டு நகைத்திருப்பர். ஏனெனில், 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியலமைப்பு அவையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்த அண்ணல் அம்பேத்கர், கூட்டாட்சி என்னாது ஒன்றியம் என்னும் சொல்லை வரைவுக்குழு தெரிந்தெடுத்தமைக்குக் கரணியம் கூறினார். மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து இணைந்த அமைப்பு இது அன்று. ஆகவே எம்மாநிலமும் பிரிந்து செல்லவியலாது. அந்த உறுதியைக் காட்டவே ஒன்றியம் எனப்பட்டது என்பது அவர் விளக்கத்தின் சாரம். பிரிவினையைத் தடுக்க வைத்த சொல்லையே பிரிவினைச் சொல் என்று பழித்தவர்கள், சட்டத்தின் முதல் வரியைக்கூடப் படியாதவர்கள் என்பதை அவர்களே பறையறைந்துகொண்டனர்.

எதிர்த்தரப்பார் கூறுவதற்கும் செவிகொடுத்தல் அறிவுடைமை. 1897-ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டத்தில், மத்திய அரசு என மொழிபெயர்க்கத்தக்க ஆங்கிலத் தொடர் உள்ளது என்பர். உண்மையே. ஆயின் அச்சட்டம் பிறந்தது வெள்ளையன் ஆண்ட நாளில். மாநிலங்களின் ஒன்றியம் என்ற கருத்தே தோன்றாத காலத்துச் சொல்லைக் கொண்டு, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் சொல்லை அடக்க முற்படுவது பாட்டனின் சட்டையைப் பேரனுக்கு அணிவிப்பதாகும்.

இங்கே தனித்தமிழன்பர்களும் தம்மைத் தாமே உசாவிக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றுண்டு. தமிழியக்கத்தார் பல்லாண்டுகளாக 'நடுவணரசு' என்று எழுதினர். மத்தியம் என்னும் வடசொல்லை நீக்கி நடு என்னும் தூய தமிழ்ச்சொல்லை வைத்தனர். சொல் தூயதாயிற்று, கருத்து தூயதாயிற்றா? வடசொல்லில் இருந்த அடிமைத்தனம் அப்படியே தமிழ்ச்சொல்லிற்குள் குடிபுகுந்தது. அயற்சொல்லைப் பெயர்த்தல் மட்டும் தமிழ்ப்பணி ஆகாது. அயலார் கருத்தின் பொய்ம்மையையும் சேர்த்துப் பெயர்த்துக் கொணர்ந்தால், அழுக்கு நீரைப் புதுக்குடத்தில் ஊற்றியதாகவே முடியும். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் நெறி எண்ணத் தூய்மைக்கும் உரிய நெறி என்பதை இச்சொல்லின் வரலாறு காட்டுகிறது.

'தேசியக் கட்சி', 'தேசிய ஊடகம்', 'தேசிய அரசியல்' என்னும் தொடர்களையும் இவ்வாறே உரைத்துப் பார்க்க. தேர்தல் ஆணையத்தின் கணக்கில் தேசியக் கட்சி என்பது நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஏற்பிசைவு பெறுதல் முதலிய அளவைகளால் அமைவது. அது சின்னம் ஒதுக்குவதற்காக 1968-ஆம் ஆண்டின் ஆணையில் வகுத்த வகைப்பாடு; நாட்டுப்பற்றை நிறுக்கும் துலாக்கோல் அன்று. இதழ்களில் அது துலாக்கோலாகிறது. தில்லியில் தலைமையகம் உடைய கட்சி ஒரு கருத்தைக் கூறினால் அது நாட்டுநலம்; சென்னையில் தலைமையகம் உடைய கட்சி அதே கருத்தைக் கூறினால் அது வட்டார உணர்ச்சி. 1989-இலும் 1996-இலும் தில்லியில் அமைந்த ஆட்சிகளில் தமிழகக் கட்சிகள் பங்குகொண்டன. அவற்றைப் பற்றி எழுதும்போதெல்லாம் பேரம், நெருக்குதல், நிலையின்மை என்னும் சொற்களே மிகுந்து வழங்கின. மாநிலம் தன் உரிமையைக் கேட்பதற்குப் பேரம் என்று பெயர். தில்லி மாநிலத்தின் உரிமையை வைத்துக்கொள்வதற்கு நிலைத்த ஆட்சி என்று பெயர்!

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்ததை எண்ணுக. மார்ச்சு 14-ஆம் நாள் தமிழக அரசின் வரவு செலவுத் திட்டம். அதற்கு முந்திய நாள் வெளியான இலச்சினையில் உருபாவின் குறியாக 'ரூ' என்னும் தமிழெழுத்து இருந்தது. அவ்வளவே. தில்லித் தொலைக்காட்சிகள் கொதித்தெழுந்தன. ஒன்றிய நிதியமைச்சரே இதனைக் கண்டித்து எழுதினார். 2010-இல் ஏற்கப்பட்ட உருபாச் சின்னத்தை வரைந்தவர் உதயகுமார் என்னும் தமிழர். அவரையும் இந்தச் சண்டைக்குள் இழுத்தனர். தமிழ்நாட்டுக் கடைகளில் விலைச்சீட்டிலும், கணக்குப் புத்தகத்திலும், செய்தித்தாளின் விலைக்கட்டத்திலும் வழிவழியாக 'ரூ' இருந்துவருகிறது என்பதைச் சொன்னவர் சிலரே. வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன, பள்ளிக்கு எவ்வளவு, பாசனத்திற்கு எவ்வளவு என்று மக்கள் அறியவேண்டிய நாளில், ஓரெழுத்தைப் பற்றிய கூச்சலே செய்தியாயிற்று.

அதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின்கீழ்த் தமிழகத்திற்கு 2024–25-இல் வரவேண்டிய உருபா 2,152 கோடி வாராமல் நின்றது. புதிய கல்விக் கொள்கையையொட்டிய திட்டமொன்றில் தமிழகம் கையொப்பமிடாமையே அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். 2025 மே திங்களில் தமிழக அரசு உச்சநீதிமன்றம் சென்றது. இதில் கேட்கவேண்டிய கேள்வி தெளிவானது: ஒரு திட்டத்திற்குரிய பணத்தை மற்றொரு திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காக நிறுத்திவைத்தல் முறையா? தில்லி ஊடகங்களில் இக்கேள்வி எழுந்தது குறைவு. தமிழர்க்கு ஏன் இந்தி பிடிக்கவில்லை என்ற கேள்வியே எழுந்தது மிகுதி. பணச்சிக்கல் மொழிப்பூசலாக மாற்றிக் காட்டப்பட்டது. சவ்வாது மலையில் பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் ஆசிரியருக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்பது செய்தியாகவில்லை.

நாடாளுமன்றத் தொகுதிக் கணக்கும் இத்தகையதே. 1962 தேர்தலில் தமிழகத்திற்கு 41 உறுப்பினர். 1967 தேர்தல் முதல் 39. குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நிறைவேற்றிய மாநிலம் உறுப்பினரை இழக்கும் ஏதம் உண்டு என்பதாலேயே 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தம் மாநிலங்களின் தொகுதிப் பங்கீட்டை நிறுத்திவைத்தது. பின்னர் 84-ஆம் திருத்தம் அதனை 2026-க்குப் பிந்திய முதல் மக்கட்கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இவ்வளவு நீண்ட வரலாறு உடைய அச்சத்தை, 2025-இல் தமிழகம் எடுத்துரைத்தபோது, தேர்தலுக்காகக் கிளப்பிய பூதம் என்று ஒருவரியில் தள்ளியோர் உளர். இரண்டு இடங்களை முன்னரே இழந்தவன் மூன்றாவதற்கு அஞ்சுவது பூதம் கண்ட அச்சமா, பட்டறிவா?

தமிழில் அரசியற் செய்தி எழுதும் கலை நேற்றுப் பிறந்ததன்று. 1882-இல் சி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் 1899 முதல் நாளிதழாக வந்தது. 1917-இல் தேசபக்தனையும் 1920-இல் நவசக்தியையும் நடத்திய திரு.வி.க., அரசியலை ஆங்கிலத்திலும் வடமொழிக் கலப்பிலும்தான் எழுதவியலும் என்ற மயக்கத்தை உடைத்து, தொழிலாளியும் படித்துணரும் தமிழில் எழுதிக்காட்டினார். 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், பேசும் மக்களின் எளிய மொழியைச் செய்திக்குரிய மொழியாக்கினார். சொல்வளம் இல்லாமையால் இன்றைய இதழ்கள் தில்லியின் சொற்களைக் கடன்வாங்குகின்றன என்று கூறவியலாது. வீட்டில் நெல் குவிந்திருக்க, அடுத்த வீட்டில் அரிசி இரப்பதைப் போன்றது அது.

அடக்குமுறைக் காலத்திலும் தமிழ் இதழியல் வழிகண்டதுண்டு. 1975 சூன் 25-ஆம் நாளிரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தில்லியில் இதழ்கள் அச்சாகும் தெருவுக்கு மின்சாரமே நிறுத்தப்பட்டது. முன்தணிக்கை வந்தது. 1976 சனவரி 31-இல் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் சிறையிடப்பட்டனர். சிறைசென்றோர் பெயரை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்பிரவரி 3, அண்ணா நினைவுநாள். அன்று முரசொலி, அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. தமிழகம் செய்தியைப் புரிந்துகொண்டது. அக்கட்சியின்பால் ஒருவருக்கு எக்கருத்து இருப்பினும், அப்பட்டியல் இதழியலுக்கு ஒரு பாடம். வாய் கட்டப்பட்டபோதும் உண்மை சொல்ல வழி தேடிய காலம் அது. வாய் திறந்திருந்தும் பொய்யின் பின்னே தலையசைக்கும் காலம் இது.

அரசின் கையிலுள்ள ஊடகங்களில் பெயரே முதலில் பறிபோகிறது. வானொலி என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்க, இனி எல்லா மொழி ஒலிபரப்பிலும் 'ஆகாசவாணி' என்றே சொல்லவேண்டும் என 2023 மே திங்களில் ஆணை வந்தது. தமிழகத்திலிருந்து எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2024 சனவரியில் பொதிகைத் தொலைக்காட்சி பெயரிழந்து தூரதர்சனின் 'தமிழ்' ஆயிற்று. பொதிகை தமிழ் பிறந்த மலை என்று வழங்கப்பெறுவது. மலையின் பெயரை எடுத்துவிட்டு மொழியின் பெயரை வைத்ததால் தமிழுக்கு ஏற்றந்தானே என்று சிலர் மகிழ்ந்தனர். இந்தியாவிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் ஒரே பெயர்ப்பலகை எழுதி, அதன் அடியில் கிளையின் பெயரைக் குறிப்பது போன்றது அம்மாற்றம் என்பதை அவர் எண்ணவில்லை. பெயரைத் தில்லி சூட்டும் இடத்தில் செய்தியை யார் சூட்டுவார்?

இனி, செய்வது யாது? இதழ்களை எரிப்பதா? தொலைக்காட்சியை உடைப்பதா? இரண்டும் அறிவின்மை. செய்தியைத் துறந்தவன் உண்மையை அடையான்; அறியாமையைத்தான் அடைவான். செய்தியை ஆராய்ந்து கொள்ளும் முறையைத் தமிழன் அயல்நாட்டு இதழியற் கல்லூரியில் கற்கவேண்டியதில்லை. திருக்குறளில் ஒற்றாடல் என்னும் 59-ஆம் அதிகாரத்தைப் புரட்டுக. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்கிறார் வள்ளுவர். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆள்க என்றும், மூவர் சொல் ஒத்துவருமாயின் தெளிக என்றும் கூறுகிறார்.

இதில் நடுவாய் நிற்கும் குறிப்பை இன்றைய தமிழர் கூர்ந்து நோக்கல் வேண்டும். மூவர் சொல்வது ஒத்தால் போதாது; அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவராய் இருத்தல் வேண்டும். மூன்று நாளிதழ்களில் ஒரே செய்தி வந்திருக்கிறது, ஆகவே உண்மை என்று நம்புவோர் பலர். அம்மூன்றும் ஒரே செய்தி முகவாண்மையிடமிருந்து பெற்றவையாயின் அவை மூன்று சான்றுகள் அல்ல. ஒரு சான்றின் மூன்று படிகள். தில்லிச் செய்தியில் பெரும்பங்கு, 1949-இல் பணி தொடங்கிய பிரசு டிரசுட்டு ஆஃப் இந்தியா போன்ற சில முகவாண்மைகளின் வழியாகவும், அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகக் குறிப்புகளின் வழியாகவும் வருகிறது. அவ்வலுவலகத்தின் தமிழ்க்குறிப்புகளில் 'மத்திய அரசு' என்ற சொல் அணியமாகவே அச்சேறி வருகிறது. துணையாசிரியர் அதை வெட்டி ஒட்டுகிறார். ஆகவேதான் பத்து இதழ்களைப் படித்தாலும் ஒரே இதழைப் படித்த நிறைவு உண்டாகிறது.

தமிழன்பர்கள் செய்யத்தக்கவை எளியவை. தில்லி கொடுத்தது என்று படிக்கும்போதெல்லாம், எந்த நிதியிலிருந்து, எந்தச் சட்டப்படி, கேட்டது எவ்வளவு, முன்னரே வரவேண்டியது எவ்வளவு என்னும் நான்கு வினாக்களை எழுப்புக. அரசின் மூல அறிவிப்பையே தேடிப் படிக்க. தலைப்பில் இல்லாத சொல் அங்கே இருக்கும். தமிழிதழ் ஒன்றோடு வேற்று மாநில இதழ் ஒன்றை ஒப்பிட்டு நோக்குக. பீகாருக்கும் கேரளத்திற்கும் என்ன சொல்லப்பட்டது என்பது தமிழகத்திற்குச் சொல்லப்பட்டதை விளக்கும். ஆசிரியருக்கு மடல் எழுதுக. வைதல் வேண்டா, பிழையான சொல்லையும் சரியான சொல்லையும் கரணியத்தோடு எழுதுக. ஒரு மடலைக் குப்பைக்கூடை விழுங்கும். நூறு மடல்களை விழுங்காது. 2021-இல் ஒன்றியம் என்று சொன்னதற்கே சினந்த சில இடங்களில் இன்று அச்சொல் இயல்பாக வழங்குவதைக் காண்க. சொல் தோற்றதாக வரலாறு இல்லை, அதைச் சொல்பவன் சோர்ந்தாலன்றி.

இன்னொன்றையும் கூறாமல் முடித்தல் நேர்மையாகாது. தாழம்பூ தில்லித் தோட்டத்தில் மட்டும் பூப்பதன்று. தமிழின் பெயரைச் சொல்லிக்கொண்டு, சரிபாராத செய்தியையும் கேட்பார் பேச்சையும் அச்சிட்டுப் பரப்பும் இதழ்களும் உள. மாநில அரசின் பிழையை மூடி மறைப்பதே தமிழ்ப்பற்று என்று கருதுவோரும் உளர். அண்ணாமலையின் சரிவில் வீடுகள் எவ்வாறு எழுந்தன, அவற்றிற்கு இசைவளித்தோர் யார், நீர் வழிந்தோடும் வழிகள் எங்கே அடைபட்டன என்னும் வினாக்களைத் தில்லியை நோக்கி எழுப்ப இயலாது. அவற்றைச் சென்னையை நோக்கியும், இவ்வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கியும்தான் எழுப்பவேண்டும். தில்லியிடம் பங்கு கேட்கும் வாய், சென்னையிடம் கணக்குக் கேட்கவும் கூசுதல் கூடாது. உண்மைக்கு ஊர் வேறுபாடு இல்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ஆட்சியர் அலுவலகத்தின் வாயிலில் மக்கள் குறைதீர் நாளுக்காகக் கையில் தாளோடு நிற்போரைப் பாருங்கள். பட்டா வேண்டும், முதியோர் உதவித்தொகை வேண்டும், ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று ஒவ்வொரு தாளிலும் ஓர் உண்மை எழுதப்பட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர் அடுத்தவரைக் கெஞ்சி எழுதுவித்த உண்மை. அதே மக்களின் கைக்கு விடியற்காலையில் வரும் மற்றொரு தாளில் அவர்களுடைய பணம் அவர்களுக்கே பிச்சையாகப் பெயரிடப்பட்டு வருகிறது. இவ்விரு தாள்களுக்கும் இடையிலுள்ள தொலைவே தமிழகத்திற்கும் தில்லிக்கும் இடையிலுள்ள தொலைவு.

வேங்கிக்கால் என்னும் இவ்வூர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் கால் என்பது நீர்செல் வழியையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். காலில் வரும் நீரை உழவன் வாளா ஏற்பதில்லை. ஏரியில் எவ்வளவு உள்ளது, மதகை யார் திறந்தார், மேலைக் கழனிக்கு எத்துணை நாழிகை பாய்ந்தது, தன் முறை எப்போது என்று கேட்டே மடையை வெட்டுகிறான். நீருக்குக் கேட்பதைச் செய்திக்கும் கேட்க. மதகின் சாவி எவரிடம் இருக்கிறது என்று கேட்க.

மலைச்சரிவில் புதையுண்ட எழுவரும், அவருள் ஐவரான குழந்தைகளும், தம் பெயரால் எழுதப்பட்ட கணக்கைச் சரிபார்க்க மாட்டார். அதனைச் சரிபார்க்கும் கடமை உயிரோடிருப்போர்க்கு உரியது. முடியைக் காணாதவன் கண்டேன் என்று சொல்லும்போது, தலையசைக்கும் பூவாக இராமல், எங்கே கண்டாய், எப்போது கண்டாய் என்று கேட்கும் மக்களாகத் தமிழர் எழுவாராக!

வாழ்க தமிழ்! வெல்க உண்மை!